இழுவையின் நீண்ட வாசிப்பும் என் தம்பி கட்டிய பந்தயமும்

என் தம்பி மனைவிக்கு இழுவை என்று பெயர் வைத்தது நான்தான் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். தொழிற்சாலையில் அவளோடு வேலை பார்க்கிற பெண்கள் வைத்த பெயர் அது. பொருத்தமாக இருந்ததால் நான் எடுத்துப் புழக்கத்தில் விட்டேன், அவ்வளவுதான். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. பெயரை இன்னும் கொஞ்சம் நீளமாக வைத்திருக்கலாம் என்றாள்.

தண்ணீர் இறைக்கிற மோட்டார் செய்யும் தொழிற்சாலை அது. அவளுக்கு சோதனைப் பிரிவில் வேலை. நீளமான இரும்பு மேசைமேல் மோட்டார்களை வரிசையாகப் பூட்டி ஓடவிடுவார்கள். ஸ்க்ரூடிரைவர் முனையை மோட்டாரின் முதுகில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, உள்ளே பேரிங் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று கேட்க வேண்டும். மற்றப் பெண்கள் கேட்பார்கள், தலையாட்டுவார்கள், அடுத்ததற்குப் போவார்கள். இவள் காதை வைத்தால் எடுக்க மாட்டாள். மேற்பார்வையாளர் ஓடி வந்து அதில் என்ன கோளாறு என்று விசாரித்தாராம். கோளாறு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறது, அதனால்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பதில் சொன்னாளாம். அந்த மனிதர் அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மோட்டார் ஓடினால் ஒரே வேகம் போலத்தான் தெரியும். ஆனால் மயிரிழை வித்தியாசம் இருக்கும். அப்படி இருந்துவிட்டால் இரண்டு சத்தமும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றைப் பெற்றெடுக்கும். ஊம், ஊம் என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் அது. வித்தியாசம் குறையக் குறைய அந்த ஏற்ற இறக்கம் மெதுவாகும். இவள் மதிய உணவு இடைவேளையில் சாப்பிடாமல் இரண்டு மோட்டாருக்கு நடுவில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்த பெண்கள், பிறகு அவள் சாப்பாட்டைத் தாங்களே பங்கு போட்டுக்கொண்டார்கள்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அப்பாவிடமிருந்து என்பாள். அவள் அப்பா தட்டச்சுப் பள்ளி நடத்தியவர். வீட்டின் முன்னறையே பள்ளி. காலையில் வந்து உட்காரும் மாணவர்கள் எல்லாரும் ஒரே வரியை ஒரே சமயத்தில் தொடங்குவார்கள். முதல் வரி முடியும்போது எல்லா இயந்திரத்திலும் மணி ஒன்றாக அடிக்கும். இரண்டாம் வரியில் வேகமான விரல்கள் கொஞ்சம் முந்தும். பக்கம் பாதி ஆவதற்குள் தகர மேசையில் பட்டாணியைக் கொட்டிவிட்டது போல ஆகிவிடும், மணிகளும் தம் இஷ்டத்துக்கு அடிக்கும். எல்லாரும் ஒண்ணா அடிங்க என்று அப்பா கத்துவாராம். உள்ளறைத் தொட்டிலில் கிடந்த இவள், அவர்கள் ஒன்றாக அடிக்காதபோதுதான் அழுகையை நிறுத்துவாளாம். தொட்டிலில் நடந்தது உனக்கு எப்படி நினைவிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நல்ல கதையைக் கேள்வி கேட்டுக் கெடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

ஒருமுறை வானொலியில் யாரோ ஒருவர் ஒற்றைச் சுரத்தை விடாமல் வாசித்துக்கொண்டிருந்தாராம். பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்த அப்பா அதன் தலையில் தட்டினார். "தட்டாதீங்கப்பா, நல்லா இருக்கு" என்று அழுதிருக்கிறாள். மகளுக்கும் பெட்டிக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும் என்று அவர் மனைவியிடம் சொன்னாராம்.

அந்த மனைவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையின் முடிச்சு அவரிடம்தான் இருக்கிறது. இழுவையின் அம்மா தொலைபேசியில் பேசுகிற விதம் எங்கள் இரு குடும்பத்திலும் பிரசித்தம். நலம் விசாரிப்பார், விலைவாசி பேசுவார், பிறகு "சரி, வச்சிடட்டுமா?" என்பார். வைக்க மாட்டார். இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. தெரியாதவர்கள் அந்த இடத்தில் வைத்துவிடுவார்கள். தெரிந்தவர்கள் காத்திருப்பார்கள். கொஞ்சம் கழித்து "அப்புறம்…" என்று ஒரு குரல் வரும். யார் மாசமாக இருக்கிறாள், யார் யாரோடு பேச்சு வார்த்தை இல்லை, எந்த வீட்டை விற்கப் போகிறார்கள், எல்லாம் அந்த அப்புறத்துக்கு அப்புறம்தான். அதற்கு முன்னால் பேசியதெல்லாம் தொண்டையைச் சரிசெய்துகொண்டது.

மூடிப்போன இசைப்பள்ளி ஒன்றிலிருந்து இழுவை ஒரு பழைய மின்சார ஆர்கன் வாங்கினாள். அலமாரியைப் படுக்கப்போட்டது போல இருக்கும். அதை வாசிக்க அவள் யாரிடமும் கற்கவில்லை. ஒரு கட்டையை அழுத்தி, அது எழும்பாமல் இடுக்கில் துணி காயப்போடும் கிளிப் ஒன்றைச் செருகிவிடுவாள். சத்தம் வந்துகொண்டே இருக்கும். அது வீட்டுக்குப் பழகியதும் இன்னொரு கட்டை, இன்னொரு கிளிப். ஒரு சுரத்தை ஓடவிட்டுக் கடைக்குப் போய் வந்து அடுத்ததைச் சேர்ப்பதும் உண்டு. அவள் குடியிருக்கிற கட்டிடத்தில் எல்லா வீட்டிலும் திருடன் நுழைந்திருக்கிறான், அவள் வீட்டில் மட்டும் நுழையவில்லை. கீழ்வீட்டுக்காரர் அந்தச் சத்தத்துக்கு முகம் மழித்துப் பழகிவிட்டார். அவள் ஊருக்குப் போயிருந்த வாரம் முழுக்க அவர் கன்னத்தில் பிளாஸ்திரி இருந்தது. வேண்டுமானால் அவரையே கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிப்பட்டவளை என் தம்பி கட்டிக்கொண்டான். அவன் வானொலி விளம்பரங்கள் தயாரிக்கிற ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறான். மூச்சு வெட்டுவது அவன் தொழில். அறிவிப்பாளர் ஒரு வாக்கியம் படித்து மூச்சு வாங்கி அடுத்ததைப் படிப்பார் அல்லவா, அந்த மூச்சையும் இடைவெளியையும் வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுவான். கேட்பவருக்கு மூச்சு முட்டும், விளம்பரதாரருக்குப் பணம் மிச்சம். கூடத்தில் பழகிய பழக்கம் வெளியிலும் வந்துவிட்டது. நகைச்சுவை சொன்னால் நடுப்பகுதியை விட்டுவிடுவான். சினிமாவுக்குப் போனால் இடைவேளையில் கதை புரிந்துவிட்டது என்று எழுந்துவிடுவான். அவன் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தில் மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் கலங்கலாக ஒரு சட்டைக்கை தெரியும்.

இரண்டு பேரும் சந்தித்ததும் தொழில் நிமித்தம்தான். மோட்டார் விளம்பரத்துக்காக மோட்டார் சத்தத்தைப் பதிவு செய்யத் தொழிற்சாலைக்குப் போனான்.

"ரெண்டு செகண்டு போதும்ங்க" என்றிருக்கிறான்.

"ரெண்டு செகண்டுல மோட்டார் சூடே ஆகாதுங்க. உட்காருங்க" என்றிருக்கிறாள்.

அவன் உட்காரவில்லை, நின்றுகொண்டே பதிவு செய்தான். விளம்பரம் வந்தபோது அவள் கூடத்துக்குப் போன் செய்து, அது மோட்டார் இல்லை, இருமல் என்றாள். அந்தச் சண்டையை முடிக்க அவன் அடிக்கடி தொழிற்சாலைக்குப் போகவேண்டி வந்தது. எவ்வளவு போயும் சண்டை முடியாததால் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வீட்டிலேயே, மூன்றாம் மாடியில் குடியிருப்பு. முன்னறையில் பாதி ஆர்கனுக்கு, மீதி மனிதர்களுக்கு. வருகிற விருந்தாளி ஆர்கனுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்து நிற்க வேண்டும். நானே பலமுறை நின்றிருக்கிறேன். தம்பிக்கு ஒரு சோபா மேல் ஆசை. சும்மா ஆசை இல்லை. ஆர்கன் இருக்கிற இடத்தை டேப் வைத்து அளந்து, கடையில் போய் நீல நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்திருந்தான். நான் அங்கே இருந்த ஒரு மாலையில் பேச்சை எடுத்தான்.

"அக்கா, நீயே சொல்லு. இந்தப் பெட்டி போனா இங்க மூணு பேர் உட்காரலாம்."

நான் சுவரைப் பார்த்தேன். இழுவை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வாசிக்கிறதை ஒரு தடவையாவது முழுசா கேட்டிருக்கீங்களா?"

"கேட்டிருக்கேனே. ஒரே மாதிரிதானே இருக்கு. கொஞ்சம் கேட்டா முழுசும் கேட்ட மாதிரி."

"அப்போ ஒரே ஒரு தடவை, ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் உட்கார்ந்து கேளுங்க. கேட்டு முடிச்சிட்டு வேண்டாம்னு சொன்னா, நானே ஆள் வச்சு இறக்கித் தந்துடறேன்."

"நடுவுல எழுந்துட்டா?"

"அப்புறம் சோபாங்கற பேச்சையே எடுக்கக் கூடாது."

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் மடித்த துணி மடியிலேயே கிடந்தது. கையில் இருந்த கிளிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். அந்த ஆர்கன் போனால் அவள் வேறொன்று வாங்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். சரி என்றான்.

தொழிற்சங்கக் கட்டிடத்தின் மாடிக் கூடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டு வாங்கினாள். மோட்டார் பற்றிய செயல்விளக்கம் என்று நினைத்துச் சங்கத்துக்காரர்கள் கொடுத்துவிட்டார்கள். ஆர்கன் மூன்று மாடி இறங்கியது, ஒரு மாடி ஏறியது. கூடவே சோதனையில் தேறாமல் கழித்துப்போட்ட இரண்டு மோட்டாரும், அவற்றின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ரெகுலேட்டரும் வந்தன. கட்டிடத்துக் காவலர் எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"தண்ணி எந்தப் பக்கம் வரும்மா?"

"தண்ணி வராதுங்க. சத்தம் மட்டும்தான்."

அவர் யோசித்தார். பக்கத்துக் கட்டிடத்தில் ஒரு பல் மருத்துவமனை இருந்தது, அது ஞாயிறும் திறந்திருக்கும். அங்கிருந்து யாரும் சண்டைக்கு வரக் கூடாது என்று அந்தப் பக்கம் இருந்த பின்வாசலை வெளியிலிருந்து பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கேட்க வந்தவர்கள் சோதனைப் பிரிவுப் பெண்கள், இழுவையின் அம்மா, நான், தம்பி. பெண்கள் ஆளுக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்திருந்தார்கள். தம்பி போருக்குப் போகிறவன் மாதிரி வந்திருந்தான். நன்றாகத் தூங்கி எழுந்து, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், சட்டைப்பையில் புதினா மிட்டாயோடு முன் வரிசையில் உட்கார்ந்து நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். விளக்குகளை அணைத்துவிட்டு இழுவை முதல் கிளிப்பைச் செருகினாள்.

என்ன வாசித்தாள் என்று கேட்டால் சொல்வது கஷ்டம். ஒரு சுரம் இருந்தது. நான் காய் வாங்க வேண்டியதை நினைத்தேன், பழைய பகை ஒன்றை நினைத்தேன், அதற்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலையும் கண்டுபிடித்துவிட்டேன், சுரம் அப்படியே இருந்தது. பிறகுதான் அது அப்படியே இல்லை என்று தெரிந்தது. எப்போதோ இன்னொன்று வந்து கலந்திருக்கிறது, எப்போது என்று யாருக்கும் தெரியாது. முதல் மோட்டார் ஓடத் தொடங்கியதும் சோதனைப் பிரிவின் மூத்த பெண்மணி முன்னால் குனிந்து இழுவையின் காதில் ஏதோ சொன்னார். பேரிங் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் அதைக் கொண்டுவந்தேன் என்று பதில் வந்ததாம். அவர் திருப்தியோடு சாய்ந்துகொண்டார்.

என் கண் தம்பியின் முழங்கால் மேல் இருந்தது. அது தையல் இயந்திரம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. மிட்டாய்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. ஜன்னலிலிருந்து விழுந்த வெயில் அவன் செருப்பில் ஏறி, கால்விரலைத் தாண்டி நகர்ந்தது. எப்போதோ பார்த்தால் முழங்கால் நின்றிருந்தது. தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். இல்லை, கண் திறந்திருந்தது.

மதியம் நன்றாகச் சாய்ந்த பிறகு இழுவை மோட்டாரை மெல்ல அடக்கினாள். செருகிய கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். சத்தம் மெலிந்து மெலிந்து ஒற்றைச் சுரத்துக்கு வந்தது. கடைசிக் கிளிப்பையும் எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. எங்கள் இருவரைத் தவிர எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

மூச்சு வெட்டுகிறவனுக்குச் சத்தம் நின்றால் முடிந்தது என்று அர்த்தம். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் பரீட்சை தேறிய வெளிச்சம். எழுந்து, நுனிக்காலில் நடந்து, வெளியே போனான். சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம், எட்டுகிற தூரம்தான். ஆனால் அடுத்தவர் பந்தயத்தில் தலையிடுவது நாகரிகம் இல்லை. அதோடு இழுவையின் அம்மா இன்னும் கைப்பையை எடுக்கவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு, மறுமுனையில் யாரோ இருக்கிறார்கள் என்பது போல உட்கார்ந்திருந்தார்.

வெளியே நடந்ததை நான் மூன்று பேரிடம் கேட்டுச் சேர்த்தேன். மூன்றும் ஒத்துப்போகாத இடங்களில் எது நன்றாக இருந்ததோ அதை எடுத்துக்கொண்டேன். வாசலில் இருந்த காவலரிடம் தம்பி, முடிந்துவிட்டது, பூட்டிக்கொள்ளலாம், சாமான்களோடு எல்லாரும் பின்வாசல் வழியாக இறங்கிக்கொள்கிறோம் என்றான். பின்வாசலைத் தானே பூட்டியது அந்த மனிதருக்கு ஞாபகம் வரவில்லை. வீட்டில் சாப்பாடு காத்திருப்பது மட்டும் ஞாபகம் வந்தது. கதவை இழுத்துப் பூட்டிவிட்டு இரண்டு தெரு தள்ளி இருந்த வீட்டுக்குப் போய்விட்டார். தம்பி படியிறங்கித் தெருவில் நின்று சோபாக் கடைக்குப் போன் போட்டான். நீலத்தையே அனுப்புங்கள், இன்றைக்கே இடம் காலியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து ஊம் என்று ஒன்று வந்தது.

உள்ளே இழுவை இரண்டு மோட்டாரையும் சேர்த்து ஓடவிட்டிருந்தாள். மயிரிழை வித்தியாசத்தில். ஜன்னல் கண்ணாடி அதோடு சேர்ந்து நடுங்கியது. அடித்தொண்டையிலிருந்து வருவது போல ஆர்கனின் ஒரு கீழ்க்கட்டை. பிறகு பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் ஸ்க்ரூடிரைவரால் இரும்பு நாற்காலிக் காலைத் தட்டத் தொடங்கினார்கள். முதலில் ஒரே அடி. கொஞ்சம் கொஞ்சமாக ஒருத்தி முந்தினாள், ஒருத்தி பிந்தினாள், தட்டச்சுப் பள்ளி முழுவதும் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது. ஒன்றாக அடிங்கள் என்று கத்த அவள் அப்பா இல்லை. அவள் அம்மா கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார், ஆனால் மூக்கைத்தான் துடைத்தார். காலையிலிருந்து கேட்டதெல்லாம் தொண்டையைச் சரிசெய்துகொண்டது என்று எனக்கு அப்போது விளங்கியது. அது ஒரு முறை உச்சத்துக்குப் போய், இறங்கி, நின்றது. இந்த முறை அவர் கைப்பையை எடுத்தார்.

"இப்பத்தான் ஆரம்பிச்ச மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள முடிச்சிட்டியே" என்றார் மகளிடம்.

விளக்கைப் போட்டுப் பார்த்தால் முன்வரிசை நாற்காலி காலி. இழுவை அதைப் பார்த்தாள். போய்க் கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. பின்வாசலும் திறக்கவில்லை. பெண்கள் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து உடனே, மிகவும் பக்கத்தில், தம்பியின் குரல் கேட்டது.

"தட்டாதீங்க, காது வலிக்குது."

இழுவை கதவருகே போனாள்.

"எப்போ வெளிய போனீங்க?"

"சத்தம் நின்னப்போ."

"பூட்டினது யாரு?"

"காவலர்."

"யார் சொல்லி?"

"நான் சொல்லி."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அப்பலேர்ந்து இங்கேயா நிக்கிறீங்க? அவர் வீடு பக்கத்துலதானே. போய்ச் சாவி வாங்கிட்டு வந்திருக்கலாமே."

"வாங்கப் போயிருந்தா மிச்சத்தைக் கேட்க முடியாதே" என்றான், இதுகூடத் தெரியாதா என்கிற குரலில்.

இழுவை கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். சிரித்தாளா என்பது என் பக்கத்திலிருந்து தெரியவில்லை. பிறகுதான் அவன் சாவிக்குப் போனான். போகும்போது சட்டைப்பையிலிருந்த போனை எடுத்துப் பார்த்தானாம், சோபாக் கடைக்காரர் இன்னும் வைக்காமல் இருந்தாராம். முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாராம்.

சாயங்காலத்துக்குள் ஆர்கன் மறுபடி மூன்று மாடி ஏறிப் பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டது. மோட்டார்களை மரப்பெட்டிகளோடு வைக்க இடமில்லாமல் சமையலறை வாசலில் விட்டோம். என்னைத் தவிர எல்லாரும் போன பிறகு இழுவை அவன் முன்னால் வந்து நின்றாள். பந்தயம் பந்தயம்தான்.

"கதவுக்கு வெளிய நின்னு கேட்டதையும் நான் கணக்குல சேர்த்துக்கறேன். முழுசா கேட்டாச்சு. இப்போ சொல்லுங்க, இது இருக்கட்டுமா, போகட்டுமா?"

அவள் நியாயமாகத்தான் கேட்டாள், என்னைவிட நல்லவள். தம்பி ஆர்கனைப் பார்த்தான், டேப் வைத்து அளந்த சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் உதவவில்லை. நன்றாக இருக்கிறது என்ற சொல் அவன் வாயிலிருந்து எதைப் பற்றியும் வந்தது கிடையாது. எங்கள் அம்மாவின் சமையலுக்கே வந்தது கிடையாது. பந்தயத்தில் தோற்றேன் என்று ஒத்துக்கொண்டதும் கிடையாது. சிறுவயதில் என்னிடம் தோற்ற விளையாட்டுகளை எல்லாம் இன்றுவரை மழை வந்து நின்றுபோனவை என்றுதான் சொல்வான். ஆர்கன் இருக்க வேண்டுமானால் இரண்டில் ஒன்றை இப்போது அவன் சொல்லியாக வேண்டும்.

கூடத்தில் இருந்த அளவு நிசப்தம். இந்த முறை யாரும் எழுந்து போகவில்லை.

"இல்லை. நான் முழுசா கேட்கலை" என்றான் கடைசியில். "நடுவுல எழுந்து போயிட்டேன். தோத்துட்டேன்."

இழுவை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிளிப் டப்பாவை எடுத்தாள்.

"அப்போ முதல்லேர்ந்து வாசிக்கிறேன். உட்காருங்க."

"எங்க உட்கார்றது?"

"சோபாங்கற பேச்சையே எடுக்கக் கூடாது."

"நான் எங்க எடுத்தேன்?" என்று முனகிக்கொண்டே போய், மோட்டார் வந்த மரப்பெட்டி ஒன்றை இழுத்து வந்து, கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் முதல் கிளிப்பைச் செருகினாள். கீழ்வீட்டில் யாரோ குழாயைத் திறந்து முகத்துக்குச் சோப்புப் போடத் தொடங்கினார்கள்.